ஒலிக்கூச்சம் உள்ளவர்கள் கேட்பதற்கேற்ப வயலின் கச்சேரிப் பதிவைத் தயார் செய்வது எப்படி?

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவன். வயலின் என்றால் அவனுக்கு உயிர். ஆனாலும் எந்தக் கச்சேரிப் பதிவையும் அவனால் முழுதாகக் கேட்க முடிந்ததில்லை. தாளமில்லாமல் ராகத்தை விரித்து வாசிக்கும் ஆலாபனை முழுவதையும் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பவன், அது முடிந்த நொடியில் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுவான். சத்தம் அதிகம் என்று நினைத்துப் பல நாள் ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்தேன், பயனில்லை. ஒருநாள் அந்தப் பதிவை ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து அலைவடிவத்தைப் பார்த்தபோதுதான் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. மெல்லிய கோடாக ஓடிய ஆலாபனைக்குப் பின்னால் சுவர் போல எழும்பி நின்றது அவையினரின் கைத்தட்டல். அவனை வருத்தியது ஒலியின் அளவைவிட, அது முன்னறிவிப்பின்றி வந்ததுதான்.

முதலில் பதிவைத் தேர்ந்தெடுங்கள். சொந்தமாக வாங்கிய குறுந்தகடே நல்லது. இணையத்தில் நேரடியாக ஒலிக்கவிட்டால் இடையில் விளம்பரம் புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சகானா, நீலாம்பரி, ஆனந்தபைரவி போன்ற நிதானமான ராகங்களின் ஆலாபனையிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் ஆலாபனையில் தாளவாத்தியம் கிடையாது. நீண்ட, நிதானமான வில்வீச்சுக்காக டி.என்.கிருஷ்ணனின் வாசிப்பையே முதலில் பரிந்துரைப்பேன். வாய்ப்பாட்டைப் போலவே வாசிக்கும் லால்குடி ஜெயராமனை அடுத்து வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்.கோபாலகிருஷ்ணனின் வேகமும் மேல்ஸ்தாயிப் பாய்ச்சலும் எனக்கு மிகவும் பிடித்தவை என்றாலும், காது பழகிய பிறகே அவற்றுக்குப் போகலாம். தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தை முழுதாக நீக்கிவிடுங்கள்.

அடுத்தது வெட்டும் வேலை. கச்சேரித் தொடக்கத்தில் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கக் கல்லால் தட்டும் ஒலி, மைக்கின் இரைச்சல், அறிவிப்பு, கைத்தட்டல் ஆகியவை எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். வெட்டிய விளிம்பு 'டக்' என்று கேட்காமலிருக்க, அதன் முன்பகுதிக்கு 'ஃபேட் அவுட்' (ஒலி படிப்படியாகக் குறைவது), பின்பகுதிக்கு 'ஃபேட் இன்' (படிப்படியாகக் கூடுவது) ஆகியவற்றைக் கொடுங்கள். மூன்று முதல் ஐந்து நொடி வரை போதும்.

நான் இரண்டு வாரம் தடுமாறியது இதற்கடுத்த படியில்தான், எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கைத்தட்டலை வெட்டுவதற்கு முன்பே முழுப் பதிவையும் நார்மலைஸ் செய்துவிட்டேன். அந்த வசதி, பதிவிலுள்ள மிக உயர்ந்த ஒலி உச்சத்தைக் குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற ஒலிகளையும் அதே விகிதத்தில் மாற்றும். என் பதிவில் உச்சம் கைத்தட்டலாக இருந்ததால், அதை அளவாக வைத்துக்கொண்டு வயலினைத் தாழ்த்தியே வைத்திருந்தது மென்பொருள். வயலின் கேட்கவில்லையே என்று நான் ஒலிபெருக்கியைக் கூட்ட, அடுத்து வந்த தட்டல் முன்பைவிடப் பலமாக அவன் காதில் விழுந்தது. ஆகவே முதலில் வெட்டுங்கள், பிறகு அளவைச் சரிசெய்யுங்கள். அதற்கும் உச்சத்தைப் பார்க்கும் நார்மலைஸைவிட, சராசரி உரப்பைப் பார்க்கும் லவுட்னெஸ் நார்மலைசேஷனே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

ஆலாபனைக்குப் பின் கிருதி (பாடல்) தொடங்கும்போது மிருதங்கம் சேரும் இடம் இன்னொரு மேடு. இரண்டும் ஒரே பதிவில் கலந்திருப்பதால் மிருதங்கத்தை மட்டும் எளிதில் பிரித்துக் குறைக்க முடியாது. ஒலியளவை இடத்துக்கிடம் மாற்ற உதவும் என்வலப் கருவியால் அந்த இடத்தில் மொத்த ஒலியையும் பாதியாக்கி, அடுத்த இருபது நொடியில் படிப்படியாக உயர்த்தினேன். முதல் அடியைத் தாங்கிவிட்டால் அதன் பிறகு வரும் தாளம் அவனுக்கு இதமாகவே இருக்கிறது. தொடையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்கிறான்.

வயலின் ஒலியின் கூர்மை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. மனிதக் காதின் கூருணர்வு மிகுந்திருப்பதும் ஏறக்குறைய அங்கேதான். ஈக்வலைசரில் அந்தப் பகுதியை 3 அல்லது 4 டெசிபல் தாழ்த்துங்கள். அதற்கு மேல் தாழ்த்தினால் ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் கமகத்தின் நுணுக்கம் மங்கிவிடும்.

ஹெட்போனைவிட, இரண்டு மீட்டர் தள்ளி வைத்த சிறிய ஸ்பீக்கரையே நான் விரும்புகிறேன். காதை மூடி அழுத்தும் ஹெட்போனின் ஸ்பரிசமே பல குழந்தைகளுக்குத் தொல்லையாகிவிடுகிறது. குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 75 டெசிபல் என்பதே பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாங்கள் சாதாரணப் பேச்சின் அளவான 60 டெசிபலைத் தாண்டுவதில்லை. கைப்பேசிச் செயலி துல்லியமாக அளக்காது என்றாலும், குழந்தை உட்காரும் இடத்தில் வைத்துப் பார்த்தால் தோராயமாகத் தெரியும். ஒலியைக் கூட்டும் குமிழ் அவன் கையிலேயே இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: தன் மகளுக்குக் கைத்தட்டல் தொல்லையாக இல்லை, பாட்டு சட்டென நின்றுபோகும் அமைதிதான் அவளைக் கலங்க வைக்கிறது என்று ஒரு தாய் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். அதன் பிறகு பதிவின் முன்னும் பின்னும் இரண்டு நிமிடத் தம்புரா ஒலியைச் சேர்த்து, இறுதியில் மெதுவாகத் தேய்ந்து மறையச் செய்கிறேன். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தம்புராவின் சுருதி வயலினின் சுருதியிலிருந்து நூலிழை விலகியிருந்தாலும், இரண்டும் சேரும் இடத்தில் 'வொவ் வொவ்' என்று ஓர் அதிர்வு தோன்றும். 2 ஹெர்ட்ஸ் விலகல் இருந்தால் நொடிக்கு இரண்டு அதிர்வு. நான் கவனிக்கத் தவறியதை என் மகன் உடனே கண்டுகொண்டு முகத்தைச் சுளித்தான். தம்புராச் செயலியில் நுண்சுருதியை மாற்றி, அந்த அதிர்வு அடங்கும் வரை சரிசெய்துவிட்டுப் பிறகு சேருங்கள்.

இப்படித் தயாரித்த இருபத்திரண்டு நிமிட சகானாவை அவன் மூன்று மாதமாகக் கேட்டுவருகிறான். சென்ற வாரம், பக்கத்துத் தெருவில் வயலின் சொல்லித்தரும் அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி மைக் இல்லாமல் வாசித்தார். அவன் காதைப் பொத்தவில்லை. மெல்ல நகர்ந்து சென்று, கணுக்காலருகே இருந்த அந்த மரச்சுருளின் மேல் ஒரு விரலை வைத்து, ஆலாபனை முடியும்வரை எடுக்காமலே இருந்தான்.