ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட் வீணாகாமல் இருக்க

நோயாளி வராமல் போவது ஒன்று. வந்தும் ஸ்கேன் எடுக்க முடியாமல் திருப்பி அனுப்புவது வேறொன்று. இரண்டையும் ‘கேன்சல்’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் எதைச் சரிசெய்வது என்றே தெரியாது.

படி 1: ஒரு மாதம் கணக்கு எழுதுங்கள். ஸ்கேன் வகை, புக் செய்த நாள், காரணம் ஆகியவை போதும். ‘வரவில்லை’ என்பது காரணம் ஆகாது. போன் போட்டுக் கேளுங்கள்.

படி 2: புக் செய்யும்போதே விசாரியுங்கள். கடைசி நேரக் கேன்சல்களில் பல இங்கேயே தடுக்கக்கூடியவை. எம்.ஆர்.ஐ.க்கு, “உடம்பில் உலோகம் இருக்கிறதா?” என்றால் பலரும் சட்டென்று “இல்லை” என்பார்கள். “இதயம், காது, தலையில் ஆபரேஷன் செய்து ஏதாவது பொருத்தியிருக்கிறார்களா?” என்று கேளுங்கள், பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உள்ளே பொருத்தும் கருவி), ரத்தக்குழாய் கிளிப் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பேஸ்மேக்கர் இருந்தாலே எடுக்க முடியாது என்றில்லை, ஆனால் அதன் மாடல் விவரம் உள்ள கார்டை ரேடியாலஜிஸ்ட் முன்கூட்டியே பார்க்க வேண்டும். குறுகலான இடம் என்றால் பயமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போடும் சி.டி. என்றால் சிறுநீரகப் பிரச்சினை, முந்தைய அலர்ஜி, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை பற்றிக் கேட்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் தேவையா என்று அன்றே சொல்லிவிடுங்கள்.

படி 3: இரண்டு முறை நினைவூட்டுங்கள். மூன்று நாள் முன்பு ஒன்று, வர முடியாதவரின் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க அவகாசம் வேண்டுமே! முந்தைய நாள் மாலை இன்னொன்று. ‘6 மணி நேரம் வெறும் வயிறு’ என்று எழுதி நோயாளியைக் கணக்குப் போட வைக்காதீர்கள். வயிறும் அடிவயிறும் சேர்த்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டுக்கு இப்படி அனுப்பலாம்:

“நாளை காலை 9 மணிக்கு ஸ்கேன். இரவு 12 மணிக்குப் பிறகு சாப்பிட வேண்டாம். காலை 8 மணிக்கு நான்கு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஸ்கேன் முடியும்வரை சிறுநீர் கழிக்க வேண்டாம். வருவதானால் 1, தேதி மாற்ற 2 அனுப்புங்கள்.”

தண்ணீர் பற்றிச் சொல்லாவிட்டால், வெறும் வயிறு என்றதும் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். பிறகு சிறுநீர்ப்பை நிறையும்வரை உட்கார வைக்க வேண்டியதுதான். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலை முதல் நேரத்தைக் கொடுங்கள்.

கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் பெட்-சி.டி. ஸ்கேனுக்கு மெசேஜ் மட்டும் போதாது, பேசி உறுதி செய்யுங்கள். அதற்கான எஃப்.டி.ஜி. மருந்தின் கதிரியக்கம் சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். எடுத்துவைத்து மறுநாள் போட முடியாது.

படி 4: காத்திருப்போர் பட்டியல். திடீரென்று காலியாகும் நேரத்துக்கு, கான்ட்ராஸ்ட் இல்லாத முழங்கால், முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. நோயாளிகளைக் கூப்பிடுங்கள், அவர்களுக்குப் பட்டினி தேவையில்லை. பாதுகாப்புக் கேள்விகளை மட்டும் முன்பே முடித்திருக்க வேண்டும்.