ஆங்கில இலக்கிய மாணவர்கள் சொல்வளத்தில் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் கேள்வியே படாத சொற்களால் அல்ல. தெரியும் என்று நினைத்துக் கடந்துபோகும் சொற்களால்தான்.

வினாத்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அகவுன்ட் ஃபார்' என்று கேள்வி தொடங்கினால் அது காரணம் கேட்கிறது. 'அகவுன்ட்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டவர், நடந்ததை விவரித்துப் பக்கம் பக்கமாகக் கதைச்சுருக்கம் எழுதுவார். 'இலஸ்ட்ரேட்' என்றால் மூலநூலிலிருந்து காட்சியோ வரியோ எடுத்துக்காட்டி விளக்க வேண்டும். 'கிரிட்டிக்கலி எக்ஸாமின்' என்பதைக் குறை கண்டுபிடி என்று பலர் படிக்கிறார்கள். ஒரு கருத்துக்கு ஆதாரம் எது, அது எதுவரை தாங்கும் என்று எடைபோடச் சொல்கிறது அது. எழுதியதில் பிழை ஒன்றும் இருக்காது, ஆனால் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அடுத்தது, எந்தச் சொற்களைப் படிப்பது என்பதில் வரும் தவறு. அரிய சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வது பெருமையாக இருக்கும், பயன் குறைவு. மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் ஆங்கிலச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). அவர் ஆராய்ந்த பாடநூல், கட்டுரைத் தொகுப்பில் வரும் மொத்தச் சொற்களில் ஏறக்குறைய 10 சதவீதம் இவைதான். 'அனலைஸ்', 'கான்செப்ட்', 'கான்டெக்ஸ்ட்', 'இன்டர்ப்ரெட்' எல்லாம் முதல் பிரிவிலேயே வருகின்றன. வாரம் 10 குடும்பம் என்று போனால் 57 வாரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் இலக்கிய மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே பட்டியலைப் புனைகதைத் தொகுப்பில் வைத்துப் பார்த்தபோது அது 1.4 சதவீதத்தைத்தான் தொட்டது. விமர்சனக் கட்டுரையைப் படிக்கவும் எழுதவும் அந்தப் பட்டியல் கைகொடுக்கும். நாவல் படிக்கக் கைகொடுக்காது. ஒரு நாவலின் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவைப்படும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் தந்த கணக்கு. அவ்வளவையும் அட்டையில் எழுதிப் படிக்க முடியாது. நிறைய வாசித்துத்தான் சேர்க்க வேண்டும்.

அங்கே இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது: தன் நிலைக்கு மிஞ்சிய நூலை எடுத்து, தெரியாத சொற்களை இடம் பார்த்து ஊகிப்பது. 95 சதவீதம் தெரிந்தால்கூட 300 சொல் கொண்ட பக்கத்தில் 15 சொற்கள் தெரியாமல் நிற்கும். 98 சதவீதம் என்றால் ஆறுதான். பதினைந்து இருட்டுக்கு நடுவே ஊகம் வேலை செய்யாது. தவறான ஊகம் உறுதியாகப் பதிந்தும்விடும். 'ஷார்ட்கமிங்ஸ்' (குறைபாடுகள்) என்பதைக் குறுகிய வருகை என்றும், 'இன்ஃபாலிபிள்' (தவறவே தவறாத) என்பதை விழாதது என்றும் பிரித்துப் பொருள்கொள்வது இப்படித்தான். உருவம் தெரிந்ததுபோல இருப்பதால் அகராதியைத் திறக்கவே தோன்றாது. பாடத்துக்கு வேண்டிய கடின நூல் ஒருபக்கம் இருக்கட்டும். கூடவே, ஒரு பக்கத்தில் ஐந்தாறுக்கு மேல் தடுக்காத நூல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கு வந்தால் சிக்கல் வேறு மாதிரி. தமிழில் 'அதைப் பற்றி விவாதித்தார்' என்கிறோம், அதனால் ஆங்கிலத்திலும் 'டிஸ்கஸ் அபவுட்' வந்துவிடுகிறது. 'டிஸ்கஸ்' அந்த 'அபவுட்'டை ஏற்காது. 'எம்ஃபசிஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு 'ஆன்' வரும், 'எம்ஃபசைஸ்' என்ற வினைக்கு வராது. 'எவிடென்சஸ்', 'ரிசர்ச்சஸ்' என்று பன்மையாக்குவதும் கட்டுரைகளில் ஓயாமல் வருகிற பிழை. ஒரு சொல்லின் ஒரு வடிவம் தெரிந்தால் மற்றவை தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையும் பொய்க்கும்: 'அனலைஸ்' எழுதத் தெரிந்தவர் 'அனலிட்டிக்கல்' வேண்டிய இடத்தில் தடுமாறுவார். சொல்லைக் குறிக்கும்போதே பெயர், வினை, பெயரடை மூன்றையும், உடன்வரும் சொல்லையும் சேர்த்துக் குறியுங்கள். 'கன்குளூஷன்' என்று தனியாக எழுதாமல் 'டிரா எ கன்குளூஷன்' என்று எழுதினால், பிறகு 'டேக் எ கன்குளூஷன்' என்று வராது.

தெசாரஸை, அதாவது ஒத்தபொருள் அகராதியை, திறந்து சொல் மாற்றுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. விமர்சகர் ஒருவர் 'சேய்ஸ்' என்று எழுதியிருந்ததை 'அட்மிட்ஸ்' என்று மாற்றினால் அவர் மனமில்லாமல் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 'கிளெய்ம்ஸ்' என்றால் நீங்கள் அவரை முழுதாக நம்பவில்லை என்ற தொனி ஏறும். 'ஃபேமஸ்' இடத்தில் 'நொடோரியஸ்' போட்டால் பாராட்டு வசையாகும். நாலு வாக்கியத்தில் பயன்பட்ட விதத்தைப் பார்க்காமல் எந்த மாற்றுச்சொல்லையும் எடுக்க வேண்டாம்.

நினைவில் நிறுத்துவதில் நடக்கும் பெரிய வீண், பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. உளவியலாளர்கள் கார்ப்பிக், ரோடிகர் இருவரும் 2008-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் 40 சுவாகிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு படித்தார்கள். மூடிவைத்து மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் 80 சதவீதம் அளவுக்கு நினைவிருந்தது. கற்ற சொல்லை மேலும் சோதிக்காமல் படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் அதில் பாதிகூட இல்லை. அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருளும் ஒரு வாக்கியமும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். பாதி அட்டைகளைப் பொருளிலிருந்து சொல்லுக்குத் திருப்பியும் கேளுங்கள். எழுதும்போது தேவைப்படுவது அந்தத் திசைதான்.

'மெட்டஃபர்' (உருவகம்), 'மெட்டனிமி' (தொடர்புடைய ஒன்றின் பெயரால் மற்றொன்றைச் சொல்வது), 'சினெக்டகி' (பகுதியால் முழுதைச் சொல்வது) மூன்றையும் ஒரே நாளில் படிக்காதீர்கள். நெருங்கிய பொருளுள்ள புதுச்சொற்கள் ஒன்றையொன்று குழப்பும். ஒன்று ஊன்றியபின் சில நாள் விட்டு அடுத்தது.

கடைசியாக, எத்தனை சொல் தெரியும் என்று அளக்க இணையத்தில் கிடைக்கும் சொல்லளவுத் தேர்வின் மதிப்பெண். அது பொதுவாக அளப்பது பார்த்தால் அடையாளம் தெரிகிறதா என்பதை மட்டும். சொற்கள் கூடக்கூட பாடத்தேர்வு மதிப்பெண்ணும் கூடும் என்று அதைவைத்துக் கணக்குப் போட முடியாது. நிறைய வாசிக்கிறவர்களுக்குச் சொல்லும் சேரும், பாடத்தேர்வும் நன்றாக வரும். எது எதைத் தந்தது என்று பிரிப்பது கடினம். அதைவிட, திருத்திவந்த உங்கள் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, ஆசிரியர் அடிக்கோடிட்ட சொற்களை மட்டும் அட்டைக்கு மாற்றுங்கள். முதல் 20 அட்டைகள் அதிலேயே கிடைத்துவிடலாம்.