தமிழைப் படிக்கட்டாகக் கொண்டு ஜப்பானியம் கற்பிக்க

பெங்களூருக் கல்லூரியில் ஜப்பானியத்தை ஆங்கிலம் வழியாகக் கற்பிப்பது, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசும் மாணவருக்குச் சுற்றுவழியாகும். முதல் வகுப்பிலேயே "புத்தகத்தைப் படிக்கிறேன்", "ஹொன் ஒ யொமிமஸ்" என்ற இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒத்த பகுதிகளைக் கோடிட்டு இணைக்கச் சொல்லுங்கள். நம் 'ஐ' உருபின் இடத்தில் 'ஒ' நிற்பதையும் வினை இறுதியில் வருவதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு பெயரெச்சத்துக்குச் செல்லுங்கள்: "நேற்று வாங்கிய புத்தகம்" என்பது அதே வரிசையில் "கினோ கத்த ஹொன்" ஆகிறது. "செய்து பார்" என்பதை ஜப்பானியரும் "ஷிதெ மிரு" என்றே சொல்கிறார்கள் என்று காட்டும்போது வகுப்பில் எழும் வியப்பு, பல இலக்கண அட்டவணைகளுக்கு ஈடு என்பேன்.

குறில் நெடில் வேறுபாட்டுக்கும் தமிழ் எழுத்து உதவும்: 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. ஆனால் பொன்னையும் வெள்ளியையும் குறிக்கும் இரு வேறு சொற்களைத் தமிழில் 'கின்' என்றே எழுத வேண்டியிருப்பதால், இரண்டாம் வாரத்திலேயே ஹிரகானா என்னும் ஜப்பானிய எழுத்துக்கு மாறிவிடுங்கள். ஜப்பானிய வினைக்கு 'ஏன்', 'ஆன்', 'ஆள்' போன்ற விகுதிகள் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது. ஆகவே அக மதிப்பெண்ணில் ஒரு பகுதியைப் பேச்சுக்கு ஒதுக்கி, மெஜஸ்டிக்கிலிருந்து இந்திராநகருக்கு மெட்ரோவில் செல்லும் வழியை ஒரு ஜப்பானிய விருந்தினருக்கு விளக்கச் சொல்லுங்கள்.