குரங்குக் கூண்டுப் பக்கம் செய்யக் கூடாத தவறுகள்

1997 அக்டோபர் இறுதி. அமெரிக்காவின் அட்லாண்டாவில் அப்போது யெர்க்ஸ் என்று அழைக்கப்பட்ட குரங்கு ஆராய்ச்சி மையத்தில், கூண்டோடு ஒரு ரீசஸ் குரங்கை இடம் மாற்றும்போது 22 வயதுப் பெண் ஊழியரின் கண்ணில் ஏதோ தெறித்தது. கடி இல்லை, கீறல் இல்லை. டிசம்பர் 10 அன்று அவர் இறந்தார். காரணம் பி வைரஸ்.

மக்காக் இனக் குரங்குகளுக்கு (ரீசஸும் நம்மூர் நாட்டுக் குரங்கும் இந்த இனம்தான்) இது பெரும்பாலும் வாயில் ஒரு கொப்புளத்தோடு போய்விடும். மனிதருக்கு வந்தால் மூளையைத் தாக்கும். சிகிச்சை கிடைக்காவிட்டால் சுமார் 70% பேர் பிழைப்பதில்லை.

அதனால், ஆய்வகத்தில் குரங்குகளோடு வேலை செய்பவர்கள் செய்யக் கூடாத முதல் தவறு, "கூண்டைத் தள்ளுவதுதானே" என்று கண்ணாடி போடாமல் உள்ளே போவது. முகக்கவசம் மட்டும் போதாது, கண்ணும் மூடியிருக்க வேண்டும். அடுத்தது, ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்த குரங்கை நம்பிவிடுவது. வைரஸ் நரம்புக்குள் பதுங்கியிருந்து எப்போதாவது எச்சிலில் வெளிவரும். எல்லா மக்காக் குரங்கிடமும் அது இருக்கிறது என்றே நினைத்து வேலை செய்யுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது கடிபட்ட பிறகு வீணாகும் நிமிடங்கள்தான். மேலாளரைத் தேடுவது, படிவம் நிரப்புவது எல்லாம் அப்புறம். உடனே காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கண் என்றால் ஓடும் தண்ணீரில் அதே 15 நிமிடம். பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், குரங்கோடு வேலை செய்கிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சில நாள் கழித்து வரும் காய்ச்சலும் தலைவலியும் சாதாரண ஃப்ளூ போலவே இருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

ஊழியர்களுக்குச் செய்யும் காசநோய்ப் பரிசோதனையைச் சிலர் சடங்காக நினைக்கிறார்கள். அது குரங்குக்காகவும்தான். மனிதரின் இருமலிலிருந்து ஒரு குரங்குக்குத் தொற்றினால் கூட்டமே அழியலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் மறைக்காதீர்கள். பிசிஜி ஊசி (காசநோய்த் தடுப்பூசி) போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை நோய் இல்லாமலே தடித்துக் காட்டலாம். அப்போது ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கேளுங்கள்.

ஆய்வகத்தின் எலி அறையில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: அங்கே போனாலே தும்மலும் கண் அரிப்பும் வந்தால் அதைச் சளி என்று தள்ளிவிட வேண்டாம். எலியின் சிறுநீரில் உள்ள புரதம் தூசியோடு பறந்து வந்து ஒவ்வாமையை உண்டாக்கும்; அது நாளடைவில் ஆஸ்துமாவாக மாறலாம்.