மின்னழுத்தக் கணக்கு: போற வழிய மறந்துட்டு ரெண்டு முனைய மட்டும் பாருங்க

பிளஸ் டூ பிசிக்ஸ்ல "இந்த சார்ஜ அங்கேருந்து இங்க கொண்டுவர எவ்ளோ வேலை செய்யணும்"னு கேட்டா நிறைய பேரு கூலூம் விசைய கண்டுபிடிச்சு தூரத்தால பெருக்கிடுறாங்க, அது வேலைக்கு ஆகாதுங்க, ஏன்னா கிட்ட வரவர விசை மாறிக்கிட்டே இருக்கும்.

முதல்ல ரெண்டு எடத்துலயும் மின்னழுத்தம் (அதாவது அந்த எடத்துல ஒரு கூலூம் சார்ஜுக்கு எவ்ளோ நிலையாற்றல்ங்கிறது, வோல்ட்ல) எவ்ளோன்னு போடுங்க. புள்ளி சார்ஜ்னா 9×10⁹ஐ சார்ஜால பெருக்கி தூரத்தால வகுக்கணும், அவ்ளோதான். வெறும் தூரம்தான், வர்க்கம் போட்டா அது மின்புலம் (ஒரு கூலூம் மேல படுற விசை) ஆயிடும்.

+2 மைக்ரோ கூலூம் ஒண்ணு அசையாம இருக்குன்னு வைங்க. 0.9 மீட்டர்ல 20,000 வோல்ட் வரும், 0.3 மீட்டர்ல 60,000. இப்ப +1 மைக்ரோ கூலூம 0.9லேருந்து 0.3க்கு மெதுவா கொண்டுவரணும். கடைசி வோல்ட்லேருந்து முதல் வோல்ட்ட கழிச்சா 40,000, அத நகர்ற சார்ஜால, அதாவது 10⁻⁶ஆல (ஒரு மைக்ரோ கூலூம்னா 10⁻⁶ கூலூம்) பெருக்குனா 0.04 ஜூல். இது நாம செய்ற வேலை. புலம் செய்ற வேலை எவ்ளோன்னு கேட்டா -0.04, கேள்வில யாரு செய்றாங்கன்னு பாக்காமதான் பாதி மார்க் போகுது. நகர்ற சார்ஜ் -1 மைக்ரோ கூலூமா இருந்தா குறி அப்படியே திரும்பிடும், புலமே இழுத்துக்கும், நாம வேகம் எடுக்காம புடிச்சுக்கிட்டு வர்றோம், அதனால நம்ம வேலை மைனஸ். குறிய கடைசில யோசிச்சு ஒட்டாதீங்க, சார்ஜோட சேத்தே போடுங்க.

நேரா வந்தாலும் சுத்தி வந்தாலும் அதே 0.04தான். பழனில படியேறி போனாலும் விஞ்ச்ல போனாலும் மேல போய் சேந்ததும் கூடுற நிலையாற்றல் ஒண்ணுதானே, அதே கதை. அந்த 2 மைக்ரோ கூலூம நடுவுல வச்சு 0.3 மீட்டர் ஆரத்துல வட்டமா சுத்துனா? எங்கயும் 60,000 வோல்ட்தான், வேலை பூஜ்யம். அரை வட்டம், கால் வட்டம்னு கேட்டு பயமுறுத்துவாங்க, கண்டுக்காதீங்க.

ரெண்டு மூணு சார்ஜ் இருந்தா வோல்ட்ட குறியோட கூட்டுங்க, திசையே கிடையாது, கோணம் போட்டு பிரிக்கிற தலைவலி மிச்சம். ஆனா ஒண்ணு, +2, -2 மைக்ரோ கூலூம் 0.6 மீட்டர் தள்ளி இருந்தா நடுவுல மின்னழுத்தம் பூஜ்யம், அதுக்காக மின்புலமும் பூஜ்யம்னு எழுதிடாதீங்க, ரெண்டும் ஒரே பக்கம் தள்ளுறதால அங்க மீட்டருக்கு 4,00,000 வோல்ட் இருக்கு. ரெண்டுமே +2ஆ இருந்தா தலைகீழ், புலம் பூஜ்யம், மின்னழுத்தம் 1,20,000 வோல்ட்.