லேப்டாப் ஓடும்போதே ரெக்கவரி பென்டிரைவ் எடுத்து வையுங்கள்

இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் டிவிடி டிரைவே இல்லை, அதனால் விண்டோஸ் கெட்டுப்போனால் சரிசெய்யவோ மறுபடி போடவோ உதவும் ரெக்கவரி டிஸ்க்குக்குப் பதில் பென்டிரைவ்தான், 32 ஜிபி இருந்தால் கவலையில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஸ்டார்ட் மெனுவில் ரெக்கவரி டிரைவ் என்று ஆங்கிலத்தில் தேடினால் வரும். அங்கே சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் டிக்கை எடுத்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் அந்தப் பென்டிரைவை வைத்து ரிப்பேர் பார்க்கலாமே தவிர விண்டோஸை மறுபடி போட முடியாது. பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். உங்கள் போட்டோ, ஃபைல் எதுவும் இதில் சேராது, தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம் பிட்லாக்கர் (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆனில் இருந்தால், அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைப்பது நல்லது. விண்டோஸை மறுபடி போடும்போது, ஆன் செய்ததும் டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 தட்டிப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.