முடிவு நகராமல் நிற்கும்போது அடைப்பை எங்கே தேடுவது

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால், மதகிலிருந்து கரையோடு நடந்து போய் ஆகாயத்தாமரை எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்போம். வேலையை விடுவதா, நிலத்தை விற்பதா, வெளிநாடு போவதா என்று மாதக்கணக்கில் உழல்பவர்கள் செய்ய வேண்டியதும் இதுதான். மூன்று மாதமாக ஒரே கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் இனி படுத்துக்கொண்டு யோசித்துப் பயனில்லை. ஒரு நோட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.

முதல் வேலை, கேள்வியைப் பிரிப்பது. ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மன்னார்குடிப் பக்கம் 9 மா நிலம், அதாவது 3 ஏக்கர். அப்பாவுக்கு 70 வயது நெருங்குகிறது. அண்ணன் சிங்கப்பூரில். தம்பி சென்னையில் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு, "வேலையை விட்டுட்டு ஊரோட வந்துடலாமா?" என்று குழம்புகிறார். கேட்க ஒரே கேள்வி மாதிரி இருக்கும். எழுதினால் ஐந்தாகும்: அப்பாவை யார் பார்த்துக்கொள்வது? இந்தச் சம்பாவை யார் செய்வது? வீட்டுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? பிள்ளைகளின் பள்ளிக்கூடம்? நிலத்தில் யாருக்கு என்ன பங்கு? ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தீர்க்கப் பார்ப்பதால்தான் எதுவும் நகர்வதில்லை.

அடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் கடைசித் தேதியை எழுதுங்கள். டெல்டாவில் தேதிகள் நம் கையில் இல்லை. பாசனத்துக்கு மேட்டூர் அணை திறப்பு வழக்கமாக ஜூன் 12. சி.ஆர். 1009 மாதிரி நீண்ட வயது நெல் ரகம் போடுவதானால் ஆகஸ்டில் நாற்றங்கால் தயாராக வேண்டும். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். கம்பெனியில் நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால், ஆகஸ்ட் நடுவில் வயலில் நிற்க மே நடுவிலேயே ராஜினாமா கொடுத்திருக்க வேண்டும். இப்படி எழுதும்போதே ஒரு விஷயம் தெரிந்துவிடும்: பிள்ளைகளை ஆகஸ்டில் பாதியில் பள்ளி மாற்ற வேண்டியதில்லை. தம்பி மட்டும் முதலில் வரலாம், குடும்பம் அடுத்த ஜூனில் வரலாம்.

பணக் கணக்கில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 3 ஏக்கரில் வருஷத்துக்கு என்ன மிஞ்சும் என்று மட்டும் பார்ப்பார்கள். நடுவில் கை காலியாக இருக்கும் மாதங்களை எண்ண மாட்டார்கள். ஆகஸ்டோடு சம்பளம் நின்றால், சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வர பிப்ரவரி ஆகிவிடும். அறுவடை நேரத்தில் மழை பிடித்து நெல்லில் ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் தள்ளிப்போகும். 6 மாதத்துக்கு வீட்டுச் செலவு மாதம் 25,000 வீதம் 1,50,000. சாகுபடிச் செலவு ஏக்கருக்கு 30,000 என்று வைத்தால் 90,000. ஆக 2,40,000 ரூபாய். இது கையில் இருந்தால் "போகலாமா" என்று கேட்கலாம். இல்லையென்றால் "எப்போது போகலாம்" என்பதுதான் சரியான கேள்வி. பற்றாக்குறைக்கு 2 ரூபாய் வட்டிக்கு வாங்குவதாக இருந்தால், அது வருஷத்துக்கு 24 சதவீதம் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிறகு, எதைத் திரும்பப் பெறலாம், எதைப் பெற முடியாது என்று பார்க்க வேண்டும். கிரையம் கொடுத்த நிலம் திரும்பாது. ராஜினாமா பாதி திரும்பும். வேறு வேலை கிடைக்கலாம், அதே சம்பளத்தில் கிடைக்காமல் போகலாம். குத்தகைக்கு விடுவதை எளிதாகத் திருப்பிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குத்தகைச் சாகுபடியாளருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. நினைத்த நாளில் எழுப்பிவிட முடியாது, அது நியாயமும் இல்லை. அதனால் வாய்வார்த்தையாகக் குத்தகை பேசுவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

திரும்பாத முடிவு என்றால் சிறிதாக வெட்டி ஒரு போகம் பார்க்கலாம். நடவுக்கு ஒரு மாதம், அறுப்புக்கு ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து 3 மாவை மட்டும் நீங்களே நின்று செய்யுங்கள். மீதி இப்போது நடப்பதுபோலவே நடக்கட்டும். தண்ணீர் முறைக்காக ராத்திரி மடையில் நிற்பதும், நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைவதும் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்பதை எந்தக் காகிதக் கணக்கும் சொல்லாது.

நிலத்தைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் காகிதத்தில்தான் சிக்கியிருக்கும். விற்பதா, வைத்துக்கொள்வதா என்று அண்ணன் தம்பிகள் வருஷக்கணக்கில் முறைத்துக்கொள்வார்கள். எடுத்துப் பார்த்தால் பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கும். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், தனிப் பட்டா ஆகியவை முடியாமல் யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். இந்த வேலையைத் தொடங்க, விற்கலாம் வேண்டாம் என்று யாரும் ஒத்துப்போகத் தேவையில்லை. வளைகுடா வேலை என்றால் அடைப்பு வேறு: முகவர் பதிவு பெற்றவரா? சட்டப்படி சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் நீங்கள் யோசிக்க வேண்டியதே இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

யாரிடம் கேட்பது? டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். கடந்த மூன்று வருஷத்துக்குள் அதே முடிவை எடுத்தவர்களில் இரண்டு பேரையும், எடுத்துவிட்டுத் திரும்பிப் போனவர் ஒருவரையும் தேடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "அண்ணே, மொத வருஷம் எந்த மாசம் கையில காசு இல்லாமப் போச்சு? அப்ப என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள்.

வீட்டில் பேசுவது இன்னும் கடினம். பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது சாப்பாட்டு இலைக்கு முன்னால் இதை எடுத்தால் சண்டையில்தான் முடியும். காணும் பொங்கலுக்கு அடுத்த நாள், அப்பாவோடு வயல் வரப்பில் நடந்துகொண்டே தொடங்கலாம்: "அப்பா, நெலத்த விக்கிறதப் பத்திப் பேச வரல. அடுத்த சம்பாவ நீங்க எப்படிச் செய்யணும்னு நெனைக்கிறீங்க, அதச் சொல்லுங்க." அவர் பதிலை நடுவில் வெட்டாமல் கேளுங்கள். பாதிப் பயம், தன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிடுவார்களோ என்பதுதான்.

"ஆடி போகட்டும்", "தை பிறக்கட்டும்" என்று தள்ளுவதும் உண்டு. நல்ல நாள் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நாள் பார்ப்பது செயலைத் தொடங்க. முடிவு செய்ய அல்ல. நோட்டின் முதல் பக்கத்தில் முடிவுத் தேதியை எழுதி, இன்னொருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

தள்ளிப்போட வேண்டிய நேரமும் உண்டு. வீட்டில் சாவு விழுந்த மாதத்திலும், புயல் வெள்ளம் முடிந்த கையோடும் விற்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஒரே இரவில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன; புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அந்த நேரத்தில் தீர்மானிக்க வேண்டியது அடுத்த மூன்று மாதச் சாப்பாட்டுக்கு வழியை மட்டும்தான்.

சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் தூங்காமல், இருந்து என்ன பயன் என்று தோன்றத் தொடங்கினால் நோட்டை மூடிவையுங்கள். அது முடிவெடுக்கும் சிக்கல் இல்லை, உடம்புக்கு வந்த நோய் மாதிரி. 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். நிலமும் வேலையும் அதுவரை காத்திருக்கும்.